ஸ்பேனரை எடுக்கும் முன் எண்ணைப் பாருங்கள்

(சிறு எஞ்சின்களின் பழுதுநீக்கம், உதிரிபாகம் பற்றி நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் "புல்வெட்டி எஞ்சினும் அதன் உதிரிபாகமும்" என்று பார்த்துவிட்டுச் சிலர் சிரித்திருப்பீர்கள். நம் ஊரில் புல்தரை எத்தனை வீட்டில் இருக்கிறது, அதற்கு ஒரு சொற்பொழிவா என்று நினைத்திருப்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அமெரிக்காக்காரன் புல்வெட்டியின் மேல் பூட்டிய அந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் உறவுக்காரர்கள் நம் ஊரில் எங்கும் இருக்கிறார்கள். தென்னந்தோப்பில் களை வெட்டும் பிரஷ் கட்டரில் இருக்கிறார்கள். பருத்திக் காட்டில் ஓடும் பவர் வீடரிலும், முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரிலும், வாய்க்காலில் இறக்கும் பம்பிலும், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலும், தளம் போடும் இடத்தில் உறுமும் வைப்ரேட்டரிலும் அவர்கள்தாம். எல்லாம் ஒரே குடும்பம். நோயும் ஒன்றுதான், மருந்து தேடும் வழியும் ஒன்றுதான்.

உதிரிபாகக் கடைக் கல்லாவில் அன்றாடம் நடக்கும் பேச்சு ஒன்று உங்களுக்கெல்லாம் தெரியும்.

"அண்ணே, பிரஷ் கட்டருக்குக் கார்புரேட்டர் இருக்கா?"

"என்ன மாடல் தம்பி?"

"ஆரஞ்சு கலருண்ணே."

"ஆரஞ்சு கலர்ல இருபது வகை வருது தம்பி. எத்தனை சிசி?"

"பெருசுதாண்ணே. அப்பா வாங்கினது."

கடைக்காரர் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது பொருந்தாது. மறுபடி பஸ் ஏறி வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். அதுவும் பொருந்தாவிட்டால் "இதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காதுப்பா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்ற தீர்ப்பு வந்துவிடும். நல்ல எஞ்சின் ஒன்று பழைய இரும்புக்குப் போகும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பாகம் கிடைக்கவில்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, எந்தப் பாகம் வேண்டும் என்று கேட்கத் தெரியாததுதான். பஞ்சம் பாகத்துக்கு அல்ல, தகவலுக்கு. அந்தத் தகவல் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது, அது தொலைந்துபோகாமல் எப்படிக் காப்பது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் எஞ்சின் பிறந்த இடத்துக்குப் போவோம். புல் வெட்டும் இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் 1830இல் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளும் வண்டி. அதன்மேல் சிறிய பெட்ரோல் எஞ்சினை ஏற்றி வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அமெரிக்கா. அங்கே மில்வாக்கி நகரில் ஸ்டீஃபன் பிரிக்ஸ், ஹரால்ட் ஸ்ட்ராட்டன் என்ற இருவர் 1908இல் தொடங்கிய கம்பெனிதான் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். 1953இல் அவர்கள் அலுமினியத்தில் எஞ்சின் வார்த்தார்கள். எடை குறைந்தது, விலையும் குறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகரில் வீடு கட்டிக் குடியேறிய நடுத்தரக் குடும்பங்கள் அதை வாங்கித் தள்ளின.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. புல்வெட்டி விற்ற கம்பெனி வேறு, எஞ்சின் செய்த கம்பெனி வேறு. சட்டமும் சக்கரமும் கத்தியும் ஒருவர் செய்வார். எஞ்சினை இன்னொருவரிடம் வாங்கிப் பூட்டுவார். மூன்றாமவர் தன் பெயரை ஒட்டி விற்பார். சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்ற புல்வெட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். சியர்ஸ் அவற்றைத் தானே செய்யவில்லை. யார் செய்தது என்பதை மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் காட்டிக்கொடுக்கும். 247 என்றால் எம்.டி.டி., 536 என்றால் மர்ரே. எஞ்சினில் 143 என்று தொடங்கும் எண் இருந்தால் அது டெகும்சே கம்பெனியின் எஞ்சின். சியர்ஸ் 2018இல் திவால் மனு கொடுத்தது. கிராஃப்ட்ஸ்மேன் பெயர் அதற்கு முந்தைய ஆண்டே வேறு கைக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த மூன்று இலக்கம் தெரிந்தவருக்கு எங்கே தேட வேண்டும் என்பது இன்றைக்கும் தெரியும்.

ஆகவே முதல் பாடம் இது. கத்தியோ சக்கரமோ கேபிளோ வேண்டுமென்றால் வண்டியின் எண்ணைப் பாருங்கள். கார்புரேட்டரோ கேஸ்கெட்டோ காயிலோ வேண்டுமென்றால் எஞ்சினின் எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வண்ண ஸ்டிக்கரும் குதிரைத்திறன் எண்ணும் இரண்டுக்கும் உதவாது.

எஞ்சினின் எண் அதன் ஜாதகம் மாதிரி. படிக்கத் தெரிந்தால் பிறந்த நாள் முதல் உடம்பின் அமைப்புவரை அதில் இருக்கும். பிரிக்ஸ் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். மேலே காற்றை ஊதித் தள்ளும் தகர மூடியிலோ, பிளக்குக்கு அருகிலோ மூன்று எண்களை அடித்திருப்பார்கள். மாடல், டைப், கோடு. எண்ணெயும் மண்ணும் படிந்து கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், எழும்பி வரும்.

மாடல் 130202 என்று இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். பழைய எண்முறைப்படி முதல் இரண்டு இலக்கமான 13 என்பது கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் கணக்கில் இருநூறு சிசிக்குச் சற்று மேல். அடுத்து வரும் 0 வடிவமைப்பின் வரிசை. அதற்கடுத்த 2, எஞ்சினின் தண்டு படுக்கைவாட்டில் இருக்கிறது என்பதையும் எந்த வகைக் கார்புரேட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அடுத்த 0, கிராங்குக்குக் குண்டு பேரிங் கிடையாது, சாதாரண புஷ் என்று சொல்கிறது. கடைசி 2, கயிறு இழுத்தால் தானே சுருண்டு போகும் ஸ்டார்ட்டர். ஆறே இலக்கத்தில் எவ்வளவு செய்தி பாருங்கள்!

கோடு என்பது பிறந்த தேதி. 870423 என்று தொடங்கினால் 1987 ஏப்ரல் 23. தேதி எதற்கு என்று கேட்கலாம். பிரிக்ஸ் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் பாயிண்ட் வைத்த பற்றவைப்பை விட்டுவிட்டு, எலக்ட்ரானிக் காயிலுக்கு மாறியது. அதற்கு முந்தைய எஞ்சின் என்றால் ஃபிளைவீலுக்கு அடியில் பாயிண்ட்டும் கன்டன்சரும் இருக்கும். பிந்தையது என்றால் இருக்காது. தேதியைப் படிக்காதவர் ஃபிளைவீலைக் கழற்றி இல்லாத பாயிண்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஹோண்டாவின் முறை வேறு. நம் ஊரில் அதிகம் புழங்கும் ஜிஎக்ஸ் வரிசை 1983இல் வந்தது. ஹோண்டாவில் பாகத்தின் எண்ணே பேசும். ஜிஎக்ஸ் 160க்கான கார்புரேட்டர் ஒன்றின் எண் 16100-இசட்எச்8-டபிள்யூ61. முதல் ஐந்து இலக்கமான 16100 என்றால் முழுக் கார்புரேட்டர். நடுவில் வரும் மூன்று எழுத்து எந்த எஞ்சினுக்கு என்று சொல்லும். கடைசிப் பகுதி அதன் வகை, திருத்தம். 13101 என்றால் பிஸ்டன். 12251 என்றால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட். இங்கே இருசக்கர வாகன மெக்கானிக்குகள் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். ஹோண்டா பைக்கிலும் பிஸ்டனுக்கு அதே 13101 தான். பைக்கில் படித்ததைப் பம்பிலும் பயன்படுத்தலாம்.

இனி நம் சந்தையை நிரப்பியிருக்கும் சீன எஞ்சின்களுக்கு வருவோம். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எந்தப் பெயர் ஒட்டி வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சில பொது வடிவங்கள்தாம். அவற்றுக்கு ஓர் எண் உண்டு. 168எஃப் என்று இருந்தால் 1 என்பது ஒரு சிலிண்டர், 68 என்பது சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில், எஃப் என்பது காற்றால் குளிர்வது. 186எஃப் என்றால் 86 மில்லிமீட்டர். பவர் வீடரில் வரும் டீசல் எஞ்சின்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். பிரஷ் கட்டரில் 1இ40எஃப் என்று வரும். நடுவில் இருக்கும் இ, டூ ஸ்ட்ரோக் என்று சொல்கிறது. விட்டம் 40 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 34 மில்லிமீட்டர், கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 42.7 சிசி. அதைத்தான் கடையில் 43 சிசி என்கிறோம். 1இ44எஃப் என்றால் 44 மில்லிமீட்டர். அது 52 சிசி. ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால்கூட, சிலிண்டரைத் திறந்து வெர்னியர் வைத்து விட்டத்தை அளந்தால் எஞ்சின் தன் பெயரைச் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜிஎக்ஸ் 160, ஜிஎக்ஸ் 200 இரண்டும் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும். இரண்டுக்கும் விட்டம் 68 மில்லிமீட்டர்தான். ஆனால் ஓட்டம் முன்னதில் 45, பின்னதில் 54. ஒன்று 163 சிசி, மற்றது 196. கிராங்க் ஒன்றுக்கொன்று மாறாது. சீன நகல்களிலும் இதே இரண்டு அளவுகள் உண்டு. இரண்டையும் 168எஃப் என்றே தொடங்கிப் பின்னால் வால் எண் சேர்த்து எழுதுவார்கள். அந்த வால் எண்ணை விட்டுவிட்டு பாகம் கேட்டால் வீண் அலைச்சல்தான் மிச்சம்.

எண் கிடைத்தாயிற்று. அடுத்து புத்தகம். இதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாங்கும்போது பெட்டிக்குள் வருவது பயன்படுத்துவோர் கையேடு. எந்த ஆயில், எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்த பிளக், எத்தனை மணிக்கு ஒருமுறை ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். இரண்டாவது பழுதுநீக்கக் கையேடு. கழற்றும் முறை, இறுக்கும் அளவு, தேய்மானத்தின் எல்லை எல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது படத்தோடு கூடிய உதிரிபாகப் பட்டியல். எஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு துண்டாகக் காற்றில் நிறுத்தி வைத்ததுபோலப் படம் போட்டிருப்பார்கள்.

இந்தப் புத்தகங்களுக்கும் எண் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரிக்ஸ் கம்பெனியின் பக்கவாட்டு வால்வு ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களுக்கான கையேட்டின் எண் 270962. வால்வு மேலே இருக்கும் வகைக்கு 272147. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் சரியான புத்தகம் வரும். சும்மா "பிரிக்ஸ் கையேடு" என்று தேடினால் ஏதேதோ வரும், பாதிக்குப் பணம் கேட்பார்கள். பயன்படுத்துவோர் கையேட்டையும் பாகப் பட்டியலையும் பெரிய கம்பெனிகள் பல தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. முதலில் அங்கே போங்கள்.

பாகப் பட்டியலைப் படிப்பதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் 51, 90, 104 என்று சின்ன எண் போட்டிருக்கும். அது படத்துக்கான குறிப்பு எண். கடையில் கேட்க வேண்டியது அதுவல்ல. அந்தக் குறிப்பு எண்ணைக் கீழே உள்ள அட்டவணையில் தேடினால் எதிரே நீளமான பாக எண் இருக்கும். அதுவும் சில நேரம் இரண்டு மூன்று வரிகளில், "இந்தத் தேதிக்கு முன்", "இந்த டைப் எண்ணுக்கு மட்டும்" என்ற குறிப்போடு வரும். நாம் முதலில் குறித்து வைத்த டைப்பும் தேதிக் கோடும் இங்கேதான் வேலை செய்கின்றன.

இன்னொன்று. கம்பெனிகள் பாக எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய பட்டியலில் இருக்கும் எண்ணைச் சொன்னால் "அது வருவதில்லை" என்பார் கடைக்காரர். உண்மையில் வருகிறது, வேறு எண்ணில் வருகிறது. பழைய எண்ணுக்குப் பதில் எந்தப் புது எண் என்பதை டீலரின் கணினி காட்டும். "இந்த எண் மாறியிருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்கப் பழகுங்கள்.

சரி, தகவல் இருந்தால் என்ன லாபம்? ஒரே ஒரு நோயை எடுத்துச் சொல்கிறேன். புல்வெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கத்தி கல்லிலோ மரக்கட்டையிலோ மோதி எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். பிறகு எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பாது. கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுக்கும், கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தீப்பொறி வருகிறது. பெட்ரோலும் வருகிறது. அனுமானத்தில் வேலை செய்பவர் கார்புரேட்டரை மாற்றுவார், பிறகு காயிலை மாற்றுவார், அதற்குப் பிறகும் எஞ்சின் கிளம்பாது.

கையேட்டைப் படித்தவர் நேரே ஃபிளைவீலைக் கழற்றுவார். ஃபிளைவீலையும் கிராங்கையும் சேர்த்துப் பிடிக்கும் சிறிய சாவித் துண்டு பாதி வெட்டுப்பட்டு நகர்ந்திருக்கும். ஃபிளைவீல் சில டிகிரி திரும்பிவிட்டதால் தீப்பொறி தப்பான நேரத்தில் விழுகிறது, அவ்வளவுதான். அந்தச் சாவியை வேண்டுமென்றே மெத்தான உலோகத்தில் செய்கிறார்கள். அதிர்ச்சியை அது வாங்கிக்கொண்டு தான் அறுந்து, விலை உயர்ந்த கிராங்கைக் காப்பாற்றட்டும் என்பதற்காக. இது தெரியாமல் "அடிக்கடி அறுகிறது, கெட்டியாகப் போடுவோம்" என்று பட்டறையில் இரும்புத் துண்டைச் சீவி வைத்தால் அடுத்த கல்லில் கிராங்கே போய்விடும். எஞ்சினில் மிக மலிவான பாகங்களில் ஒன்று அது. அதன் வேலை என்ன என்பதைச் சொல்வது கையேட்டின் ஒரு பத்தி.

அளவுகளும் அப்படித்தான். ஜிஎக்ஸ் 160க்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்த நிலையில், காற்று உள்ளே வரும் பக்கம் 0.15, புகை போகும் பக்கம் 0.20. காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே சுமார் 0.4. காயில் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் இல்லாதபோது விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளின் வழக்கம், தப்பில்லை. வால்வுக்கு அந்த வேலை ஆகாது, கேஜ் வேண்டும். பிளக் என்.ஜி.கே. பிபிஆர்6இஎஸ். "பார்க்க அதே மாதிரி இருக்கிறது" என்று பைக் பிளக்கைப் போடுகிறார்கள். மரை நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ அதில் இடிக்கும். வெப்ப அளவு மாறினால் பிளக்கில் கரி படியும், இல்லை பிஸ்டன் சூடேறும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயில் கலக்கும் கணக்கும் தகவல்தான். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்பதைக் கையேடு சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லக் கூடாது.

இப்போது பெட்ரோலிலேயே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் படிப்படியாக வரத் தொடங்கி, 2025இல் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய சிறு எஞ்சின்கள் பலவற்றின் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரியும், கார்புரேட்டரின் உலோகத்தைத் தின்னும், பழைய ரப்பர் டியூபையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். ஸ்பிரேயரும் வீடரும் பருவத்துக்கு ஒருமுறை எடுப்பவை. வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓட்டி நிறுத்திவிடுங்கள். பாதி கார்புரேட்டர்களை வாங்கவே தேவை இருக்காது.

அடுத்த கேள்வி, கம்பெனியே மூடிவிட்டால்? இதற்கு டெகும்சே கம்பெனியின் கதை நல்ல பாடம். ஒரு காலத்தில் அமெரிக்கப் புல்வெட்டிகளிலும் பனி அள்ளும் இயந்திரங்களிலும் பிரிக்ஸுக்கு நேர் போட்டியாக இருந்த எஞ்சின் அது. 2008 இறுதியில் எஞ்சின் உற்பத்தி நின்றுபோனது. லட்சக்கணக்கான எஞ்சின்கள் வீட்டுக் கொட்டகைகளில் அநாதையாயின. ஆனாலும் அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. பாக வியாபாரத்தை வேறொரு நிறுவனம் எடுத்து நடத்தியது ஒரு காரணம். டெகும்சே தன் மெக்கானிக்குகளுக்குக் கொடுத்த கையேடுகளையும் பாகப் பட்டியல்களையும் மக்கள் நகலெடுத்து வைத்துக்கொண்டது இன்னொரு காரணம். பிரிக்ஸ் கம்பெனியும் 2020இல் திவால் மனு கொடுத்தது. வேறொரு முதலீட்டு நிறுவனம் வாங்கியதால் பாகம் தொடர்ந்து வருகிறது. ஆக, கம்பெனி நிரந்தரமில்லை. தகவல் கையில் இருந்தால் எஞ்சின் கம்பெனியைக் காட்டிலும் நீண்டநாள் வாழும்.

கம்பெனி இல்லாதபோது பாகம் தேட மூன்று வழி உண்டு. முதலாவது, அளவை வைத்துத் தேடுவது. பேரிங், ஆயில் சீல், ஓ ரிங், போல்ட், பிளக் இவையெல்லாம் எந்த எஞ்சின் கம்பெனிக்கும் சொந்தமானவை அல்ல. பேரிங்கின் ஓரத்தில் 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். 04 முதல் மேலே வரும் எண்களுக்கெல்லாம் இந்தக் கணக்கு செல்லும். எஞ்சின் டீலரிடம் ஒரு வாரம் காத்திருப்பதை, பக்கத்துத் தெரு பேரிங் கடையில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆயில் சீலும் அப்படியே. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் சீலின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். அழிந்திருந்தால் தண்டையும் குழியையும் அளந்துகொள்ளுங்கள். தேய்ந்த சீலை அளந்தால் தப்பாக வரும்.

இரண்டாவது, கார்புரேட்டரின் சொந்த எண்ணை வைத்துத் தேடுவது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வால்ப்ரோ, ஜாமா, டில்லட்சன் போன்ற கார்புரேட்டர் கம்பெனிகளின் பெயரும் எண்ணும் அதன் உடம்பிலேயே இருக்கும். பிரஷ் கட்டரை விற்றவர் கடையைக் கட்டிவிட்டாலும் கார்புரேட்டர் கம்பெனி இருக்கிறது. அந்த எண்ணுக்கு உரிய டயாஃப்ரம், கேஸ்கெட், ஊசி எல்லாம் ஒரே கிட்டாகக் கிடைக்கும். முழுக் கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன் இந்தக் கிட்டைத் தேடுங்கள்.

மூன்றாவது, எஞ்சினுக்கே உரிய பாகங்களைப் பழைய எஞ்சினில் தேடுவது. கனெக்டிங் ராடு, கேம் போன்றவை. இங்கேதான் செத்த எஞ்சின் உயிருள்ள எஞ்சினுக்குக் கைகொடுக்கும். பழைய எஞ்சினை எடைக்குப் போடும் முன் அதன் எண்ணைத் தாளில் எழுதிக் கட்டி, ஓரமாக வையுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைக்காரர்கள் கார் பாகத்தில் காலங்காலமாகச் செய்வது இதுதான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் பயம் வேண்டாம். போரிங் போடும் பட்டறையில் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூட்டி அறுத்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடலாம். பிஸ்டன் கையில் வந்த பிறகே சிலிண்டரை அறுக்கக் கொடுங்கள். அறுத்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் அவதி நமக்குத்தான்.

கடைசியாக உரிமை பற்றிக் கொஞ்சம். பழுதுபார்க்கும் தகவல் கம்பெனியின் தயவா, வாங்கியவரின் உரிமையா என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை 2023இல் நிறைவேற்றி, 2024 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கையேடும் பாகமும் மென்பொருளும் விவசாயிக்கும் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இந்தியாவிலும் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. மற்றவை கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம். அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையவாசலும் திறந்தார்கள். கொலராடோவில் இருப்பதுபோல் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக நம் நாட்டில் இது இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்க வேண்டும்.

காலமும் மாறுகிறது. கலிஃபோர்னியா 2021இல் ஒரு சட்டம் போட்டு, புல்வெட்டி போன்ற சிறு கருவிகளில் புதிதாக வருபவை 2024 முதல் புகையே விடக் கூடாது என்றது. ஹோண்டா அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டி செய்வதை 2023இல் நிறுத்தியது. பேட்டரிக் கருவிகள் வருகின்றன, வரட்டும். அதனால் ஏற்கெனவே ஓடும் எஞ்சின்கள் மறைந்துவிடப் போவதில்லை. புதிது வருவது குறையக் குறைய, இருப்பதைப் பழுதுபார்ப்பவரின் தேவை கூடும். பேட்டரிக் கருவியிலும் மாடல் எண், பாகப் பட்டியல், கையேடு என்ற மூன்றையும் இதே கண்ணோடுதான் தேட வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்.

விவசாயப் பெருமக்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் எஞ்சினைத் துடைத்து, எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மகனுக்கும் மனைவிக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். புதிதாக வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் "பாகப் பட்டியல் தருவீர்களா?" என்று கேளுங்கள். தர முடியாது என்பவரிடம் வாங்காதீர்கள். மானியத்தில் வாங்கினாலும் இதைக் கேளுங்கள்.

பட்டறை நண்பர்களே, வருகிற ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நோட்டில் எண், கோளாறு, மாற்றிய பாகம், அதன் எண் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். சில வருடத்தில் அந்த நோட்டு எந்தக் கம்பெனிக் கையேட்டையும்விட உங்கள் ஊருக்கு உதவும்.

ஐ.டி.ஐ. ஆசிரியர்களே, கழற்றிப் பூட்டும் பயிற்சிக்கு முன் ஒரு வாரம் பாகப் பட்டியலைப் படிக்கும் பயிற்சி கொடுங்கள்.

நூலகர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்ஸ்கோ என்ற நிறுவனம் சிறு எஞ்சின் பழுதுநீக்கக் கையேடுகளைத் தொகுத்து ஒரு தகவல் தொகுப்பாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பொது நூலகங்கள் பல அதற்குச் சந்தா கட்டுகின்றன. நூலக அட்டை உள்ளவர் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கிறார். நம் மாவட்ட நூலகங்களில் போட்டித் தேர்வுப் புத்தகத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறது, நல்லது. பம்ப், வீடர், ஸ்பிரேயர் கையேடுகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். கம்பெனிகள் இலவசமாகத் தருவதை அச்செடுத்துக் கட்டினாலே போதும், பெரிய செலவு ஆகாது. அலமாரியை நீங்கள் தாருங்கள், நிரப்பும் வேலையை இங்கே வந்திருக்கும் பட்டறைக்காரர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.